வெளியே இருக்கிற பெஞ்சு

ஆற்றங்கரைத் தெரு,
16-2-97, ஞாயிறு.

அன்புள்ள சித்ரலேகாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே எனக்கும் உங்கப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. பரோடாவில் நீயும் மாப்பிள்ளை நடராஜும் நோய்நொடி இல்லாமல் இருக்கக் காந்திமதி அம்மன் கூட இருக்கட்டும். உடம்பைத்தான் சொன்னேன். மனசு காலையிலிருந்து ஒரு இடத்தில் உட்காரவில்லை. எழுதுவேன், எழுந்து போவேன், மறுபடி வந்து எழுதுவேன். கோர்வை இல்லை என்று குறை சொல்லாதே. போன கடிதத்தின் உறையில் 'வார்டு உறுப்பினரின் கணவர் திரு. அம்மையப்பன் அவர்கள்' என்று எழுதியிருந்தாய். தபால்காரர் வாசலில் நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரி வாசித்தார். உங்கப்பா சிரித்தார்கள். பக்கத்து வீட்டில் கொண்டுபோய்க் காட்டவும் செய்தார்கள். நானும் அன்றைக்குச் சிரித்தேன்.

நம் வார்டைப் பெண்களுக்கு என்று ஒதுக்கினார்கள். நிற்க ஆசைப்பட்டது உங்கப்பா, நின்றது நான். சீப்புச் சின்னம். நோட்டீசில் என் படத்தைவிட அவர்கள் படம் பெரிது. எனக்கு அதில் வருத்தம் இல்லை, இன்றைக்கும் இல்லை. அரசியலில் எனக்கு ஆசை இருந்ததே கிடையாது. ஆட்சி மாறினால் எல்லாம் மாறிவிடும் என்று போன வருஷம் தெருவே குதித்தது, குழாயில் தண்ணீர் வருகிற நேரம்கூட மாறவில்லை. மைக்கைப் பிடித்தவர்கள் எல்லோரும் எதையாவது புதிதாகக் கொண்டுவருவேன் என்கிறார்கள். இருக்கிறதைக் கெடாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒருத்தரும் சொல்வதில்லை. சொன்னால் யார் ஓட்டுப் போடுவார்கள்.

பேரூராட்சிக் கூட்டம் எப்படி நடக்கும் என்று கேட்டிருந்தாய். செயல் அலுவலர் அன்றைக்குத் தீர்மானிக்க வேண்டியதை ஒவ்வொரு பொருளாக வாசிப்பார். பெண் உறுப்பினர்களின் வீட்டுக்காரர்களுக்கு வெளியே வராந்தாவில் ஒரு பெஞ்சு போட்டிருக்கிறது. ஜன்னல் திறந்திருக்கும். நான் ஜன்னலைப் பார்ப்பேன், உங்கப்பா தலையசைப்பார்கள், நான் கையைத் தூக்குவேன். இதுவரை எல்லாக் கூட்டமும் அப்படித்தான். என் பக்கத்து நாற்காலி ஷம்ஸியா, கீழத்தெரு வார்டு. அவள் வீட்டுக்காரர் சவூதியில், தம்மாமில் இருக்கிறார். யக்கா, ஒங்களுக்குப் பெஞ்சுல ஆளு இருக்கு, நான் யாரைப் பாத்துத் தலையாட்ட, ஏரோப்ளேனையா, என்று கேட்டுச் சத்தம் வராமல் சிரிப்பாள்.

நாளைக்குப் பதினோரு மணிக்குக் கூட்டம். பெண்கள் படித்துறைக்கு மேலே இருக்கிற படிப்பக அறையை, மொட்டைமாடியோடு, கேபிள் டிவிக்கு வாடகைக்கு விடுவது என்று ஒரு பொருள். கேட்டிருப்பது வேறு யாருமில்லை, உன் அத்தை மகன் கணேஷ்ராம்தான். டிஷ்ஷை மாடியில் வைப்பான், பெட்டிகளை அறையில் வைப்பான், அவனும் இரண்டு பையன்களும் ராத்திரி பகலாக அங்கேதான் இருப்பார்கள். உங்கப்பா தன் தங்கையிடம் வாக்குக் கொடுத்துவிட்டார்கள். பையன் டிப்ளமா முடித்துவிட்டு இத்தனை காலம் சும்மா இருந்தான், இப்போதுதான் ஒன்றில் கால் ஊன்றுகிறான். நல்ல பையன். அதுதான் எனக்குச் சங்கடமே. கெட்டவனாக இருந்தால் எவ்வளவு சுலபம்.

சோறு வெந்துவிட்டது. வடித்துவிட்டு வந்தேன்.

அந்த அறை உனக்கு நினைவிருக்கும். வெயில் ஏறித்தான் திறப்பார்கள், வெயில் இறங்கும் முன்னே பூட்டிவிடுவார்கள். விடிகாலையும் அந்தியும் பெண்கள் ஆற்றில் இறங்குகிற நேரம். மாடியில் நின்றால் துறை முழுக்கத் தெரியும். அந்த நேரத்தில் மேலே ஆண் தலை தெரியக் கூடாது என்பது ஊர் வழக்கம். எவரும் எழுதி வைத்ததில்லை. பூட்டுகிறவர்களுக்குக்கூடக் காரணம் தெரியுமோ என்னவோ. ஆண்கள் துறை கோயிலுக்கு அந்தப் பக்கம், உங்கப்பா ஒருநாளும் பெண்கள் துறைப் பக்கம் வந்து நின்று பார்த்ததில்லை. நான் சொன்னபோது அப்படி ஒரு விதி இருக்கா என்று கேட்டார்கள். இல்லை, வழக்கம் என்றேன். அப்படியானால் மாடியில் ஒரு தட்டி கட்டச் சொல்லிவிடலாம் என்றார்கள். ராத்திரி பகலாக ஆள் இருக்கிற இடத்தில் தட்டி எத்தனை நாளைக்கு நிற்கும். கணேஷ்ராம் காப்பி குடித்துக்கொண்டே சொன்னான், அத்த, இந்தக் காலத்துல எவ ஆத்துல குளிக்கா, எல்லா வீட்டுலயும் பம்பு போட்டாச்சு, நீங்க வேற. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு இடம் பாரேன்டே என்றேன். ஆத்தங்கரையில மறைப்பு இல்ல அத்த, சிக்னலு சுத்தமாக் கிடைக்குது என்றான். அவன் சொல்வதும் நிஜமாக இருக்கலாம். ஆனால் பம்பு நம் தெருவில்தான் இருக்கிறது. கீழத்தெருவிலும் வயக்காட்டுத் தெருவிலும் ஆறுதான்.

நேற்று அந்தியில் பெண்கள் துறைக்குப் போனேன். கூட்டம். துவைக்கிறவர்கள், குளிக்கிறவர்கள், பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்கிறவர்கள். என்னைப் பார்த்ததும் ஒருத்தி தண்ணீரில் நின்றபடி கேட்டாள், மெம்பரம்மா, மேல டிஷ்ஷு வைக்கப் போறாவளாமே, நம்மள டிவியில காட்டுவானோ, நான் நல்ல சேலையா உடுத்துட்டு வாரேன். அத்தனை பேரும் சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகு ஒவ்வொருவராக மாடியை அண்ணாந்து பார்த்தார்கள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

கேபிளே கூடாது என்று நான் சொல்வதாக நினைக்காதே. என்னைப் பத்தாம்பசலி என்பாய், சரி, இருந்துவிட்டுப் போகிறேன். ஆனால் ஒன்று யோசித்தேன். நாங்கள் பார்த்த எல்லாவற்றுக்கும் ஒரு முடிவு இருந்தது. படம் முடிந்தால் விளக்கைப் போடுவார்கள், எழுந்து வருவோம். திருவிழா முடிந்தால் கொடியை இறக்குவார்கள். தூர்தர்ஷன்கூட ராத்திரி ஆனால் கும்பிட்டுவிட்டுப் போய்விடும். இது முடிவதே இல்லை. உன் அத்தை வீட்டில் சாப்பிடும்போதும் ஓடுகிறது, துக்கம் விசாரிக்க வந்தவர்கள் உட்கார்ந்திருக்கும்போதும் ஓடியது, சத்தத்தை மட்டும் குறைத்தார்கள். யாரும் அதைப் பார்க்கவும் இல்லை, அணைக்கவும் இல்லை. எனக்குப் பயமாக இருந்தது. வேண்டுகிறவர்கள் வைத்துக்கொள்ளட்டும். துறைக்கு மேலே வேண்டாம்.

இதுவரை சொன்னது பாதிதான். மீதி சொல்ல வரவில்லை. நீங்கள் இரண்டு பேரும் எல்லாவற்றையும் பேசியே முடிவெடுப்பதாக எழுதியிருந்தாய். நல்லது. ஆனால் பேசிப் பேசி இரண்டு பக்கமும் சரியாக நிற்கும்போது என்ன செய்வீர்கள். வீட்டில் கடைசி வார்த்தை ஒருவருடையதாக இருக்க வேண்டும் என்று நான் நம்புகிறேன். அவர் பெரிய அறிவாளி என்பதற்காக அல்ல. இல்லாவிட்டால் உப்புக்கும் புளிக்கும் வழக்கு நடக்கும், வீடு வீடாக இருக்காது. நாலு பேர் முன்னால் உங்கப்பா சொன்னதை நான் மறுத்ததில்லை. கதவைச் சாத்திக்கொண்டு சொல்லியிருக்கிறேன், கேட்டும் இருக்கிறார்கள், கேட்காமலும் இருந்திருக்கிறார்கள். இரண்டையும் ஏற்றுக்கொண்டேன். நாளைக்கு என்ன செய்ய. தலைவர் ஐயம்பெருமாள் அண்ணாச்சிக்கு வம்பு ஆகாது, ஒரு ஆள் ஆட்சேபணை என்று சொன்னாலே அந்தப் பொருளைத் தள்ளி வைத்துவிடுவார். ஒரு வார்த்தை போதும். அதை நான் சொல்கிற நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே உங்கப்பா தலையசைத்துக்கொண்டு இருப்பார்கள். பெஞ்சில் பக்கத்தில் மற்ற வீட்டுக்காரர்கள் இருப்பார்கள். சொன்னால் அந்த முகம். சொல்லாமல் விட்டால் துறையில் நின்ற முகங்கள். காலையிலிருந்து இதையேதான் சுற்றிச் சுற்றி வருகிறேன். துவைத்த துணியை மறுபடி நனைத்துவிட்டேன்.

சாயங்காலம் ஆகிவிட்டது. மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு சொல்லிவிட்டேன். கதவைச் சாத்திக்கொண்டுதான். நாளைக்கு ஆட்சேபணை என்று சொல்லப் போகிறேன், உங்களை அங்கே வைத்துக்கொண்டு சொல்ல என்னால் முடியாது, அதனால் நீங்கள் நாளைக்கு வர வேண்டாம், என்றேன். தங்கச்சிகிட்ட என்ன சொல்ல என்று கேட்டார்கள். நான் போய்ச் சொல்கிறேன், திட்டினால் நான் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார்கள். எங்கே என்று கேட்கவில்லை. இப்போதுதான் திரும்பி வந்தார்கள். செருப்பில் ஆற்று மணல். காலைக் கழுவினார்கள், ஈசிச்சேரில் உட்கார்ந்தார்கள், பேப்பரைப் பிரித்து முகத்துக்கு முன்னால் வைத்துக்கொண்டார்கள். பேப்பருக்கு உள்ளேயிருந்து சொன்னார்கள், நாளைக்கு எனக்கு முழங்கால் வலிக்கும் போலிருக்கு, நீ ஷம்ஸியாவைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டு வா. அவ்வளவுதான். கோபமா, சம்மதமா, எனக்குத் தெரியவில்லை.

நீ இதை உன் சிநேகிதிகளிடம் எங்கம்மா புரட்சி செய்தாள் என்று சொல்லாதே. நான் எதையும் மாற்றப் போகவில்லை. இருந்ததை இருக்க விடுங்கள் என்று கேட்கத்தான் போகிறேன். அதற்கு இந்த வீட்டில் இருந்த ஒரு வழக்கத்தை நானே மீற வேண்டியிருக்கிறது. அதைத்தான் தாங்க முடியவில்லை. நாளை மறுநாள் வீடு எப்படி இருக்கும் என்று தெரியவில்லை.

இருமல் நின்றதா. அங்கே குளிர் இன்னும் விடவில்லை என்றாய், தலை காயாமல் வெளியே போகாதே. மாப்பிள்ளையிடம் கோபம் வந்தால் கதவைச் சாத்திவிட்டுப் பேசு, பக்கத்து வீட்டுக் குஜராத்திக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியம் வேண்டாம், சத்தத்துக்குப் பாஷை கிடையாது. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் குறைவில்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும். அது ஒன்றுதான் நான் தினமும் கேட்பது.

ஒரு விஷயம், மறக்காதே. அப்பாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. இதைப் பற்றி ஒன்றும் எழுதாதே, முழங்கால் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேள். உறையில் உறுப்பினரின் கணவர் என்று எழுதாதே. அப்பா பெயரை மட்டும் எழுது.

உன் அம்மா,
ஆவுடைத்தாய்.