நுனி உடைந்த ஏழு காய்

மாமா,

இன்றைக்குக் கடலூர் சந்தையில் ஒரு அம்மா என் கூடையிலிருந்து வெண்டைக்காயை ஒவ்வொன்றாக எடுத்து, டக் டக்கென்று நுனியை உடைத்துப் பார்த்துவிட்டு, வாங்காமலே போய்விட்டாள். வேறு நாளாயிருந்தால் கத்தியிருப்பேன். அந்தச் சத்தம் கேட்டதும் கீழே விழுந்த நுனிகளைப் பொறுக்கத் தொடங்கிவிட்டேன். நுனி உடைத்தவளைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

சுனாமிக்கு அடுத்த வருஷம், சிதம்பரத்தில் ஆராய்ச்சிப் பண்ணைக்குக் கூலி வேலைக்குப் போய்வந்தபோதுதான் உங்களுக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. நம் கொல்லை வெண்டை வழவழப்பாகக் காய்க்கும், ஆனால் மஞ்சள் நோய் வந்து இலையெல்லாம் வெளுத்துப்போகும். பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பு வேலியில் நின்ற வெண்டையை அந்த நோய் அண்டாது. காயோ ஒரே சொணை, தொட்டால் அரிக்கும். இரண்டையும் சேர்த்து, நோயும் இல்லாமல் சொணையும் இல்லாமல் ஒன்று எடுக்கலாம் என்றீர்கள்.

சாயங்காலமானால் "ஊக்கு குடு" என்று வந்து நிற்பீர்கள். தாலிக்கயிற்றில் மாட்டியிருக்கும் ஊக்கைக் கழற்றித் தருவேன். மறுநாள் விரியப்போகும் மொட்டை ஊக்கு முனையால் கீறி, தன் மகரந்தத் தூள் தன்மேலேயே விழாதபடி உள்ளே சுரண்டி எடுத்துவிட்டு, காகிதப் பை மாட்டுவீர்கள். காலையில், பண்ருட்டியிலிருந்து விதை கொண்டுவந்து ஓரமாக நட்ட வேலி வெண்டையின் பூவைப் பறித்துத் தடவி, சிவப்பு நூல் கட்டுவீர்கள். பக்கத்துக் கொல்லைக்காரர் வரப்பில் நின்று சிரிப்பார்.

"என்னா மச்சான், வெண்டைக்குத் தாலி கட்றியா? பந்தி உண்டா?"

"பந்திக்கு நாலு வருசம் ஆவும். பசியோட இரு."

சொன்னபடிதான் ஆயிற்று. முதலில் வந்த செடிகள் எல்லாம் ஒரே சாயல். அவற்றின் விதையைப் போட்டதும் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போனது. தேறிய செடியை விதைக்கு விட்டுவிட்டு, மஞ்சள் விழுந்த செடியின் காயைத்தான் எனக்குக் குழம்புக்குத் தருவீர்கள். எத்தனை வருஷம் அந்த வெளுத்த காயைத் தின்றேன்!

நாலாம் வருஷம் ஐப்பசியில் ஒரே ஒரு செடி நீங்கள் நினைத்தபடி வந்தது. இலை பச்சை, காய் வழவழப்பு. ஏழு காயில் சிவப்பு நூல் கட்டி, "காஞ்சு வெடிக்கிற வரைக்கும் யாரும் தொடக்கூடாது" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனீர்கள். அன்றைக்கா பரங்கிப்பேட்டையிலிருந்து உங்கள் தங்கை வரவேண்டும்?

"என்னா அண்ணி, அண்ணன் வெண்டைக்கா நட்டுச்சா, வெறவு நட்டுச்சா? கடிச்சா பல்லு போயிடும் போல."

எனக்குப் பொறுக்கவில்லை. "வா, காட்றேன்" என்று இழுத்துக்கொண்டு போய் ஒரு காயின் நுனியை உடைத்தேன். டக். "ஒண்ணு பிஞ்சா இருந்தா எல்லாம் பிஞ்சா?" என்றாள். ஏழையும் உடைத்துக் காட்டினேன். நுனிதானே, காய் செடியில்தானே இருக்கிறது என்று நினைத்துவிட்டேன் மாமா. உங்களுக்காகத்தான் உடைத்தேன்.

அன்றே மழை பிடித்துக்கொண்டது. உடைந்த வாய் வழியாகத் தண்ணீர் இறங்கி ஏழும் அழுகின. கொல்லையில் தேங்கிய தண்ணீரில் செடியும் செத்தது. நீங்கள் அழுகின காயைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டீர்கள்: "பிஞ்சா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அப்ப சரி."

அந்த 'அப்ப சரி'யை இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை. நாலு திட்டு திட்டியிருந்தால் அன்றோடு தீர்ந்திருக்கும்.

முந்தின வருஷத்து மிச்ச விதையிலிருந்து மறுபடி தொடங்கினீர்கள். தானே புயலில் கூரை பறந்தபோது என்னையா பிடித்துக்கொண்டீர்கள்? விதைப் பொட்டலங்களை மடியில் கட்டிக்கொண்டு, "நீ மூலையில ஒண்டிக்க" என்றீர்கள். மாசியில் நெஞ்சு வலி என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

பொட்டலத்துக்குப் பொட்டலம் நூலில் முடிச்சு. ஒன்றில் இரண்டு, ஒன்றில் மூன்று, ஒன்றில் ஐந்து. முடிச்சை எண்ண எனக்குத் தெரியும். எது எந்தச் செடியின் விதை என்று யாரைக் கேட்பேன்? செடியோடு பேசின வாய்க்கு என்னிடம் ஒரு வார்த்தை சொல்ல வரவில்லையே. ஆடியில் எல்லாவற்றையும் விதைத்தேன். பச்சையாக நிற்பது அரிக்கிறது. வழவழப்பாகக் காய்ப்பது மஞ்சளாகிவிட்டது. இரண்டும் சேர்ந்தது ஒன்றுகூட இல்லை.

தாலி இறக்கின அன்று ஊக்கையும் சேர்த்து எடுத்தார்கள். "அத குடு" என்று பிடுங்கி முந்தானையில் குத்திக்கொண்டேன். எனக்குப் புத்தி கலங்கிவிட்டது என்றாள் உங்கள் தங்கை.

சந்தையிலிருந்து வந்ததும் அந்த ஊக்கை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். வழவழப்புச் செடியின் முதல் மொட்டு என் கையிலேயே நசுங்கிவிட்டது. இரண்டாவதும் கிழிந்தது. மூன்றாவது நின்றது. காகிதப் பை மாட்டியிருக்கிறேன். காலையில் பச்சையாக நிற்கும் செடியின் பூவைத் தடவ வேண்டும்.

பந்திக்கு நாலு வருஷம் ஆகும் மாமா. பசியோடு இருக்கிறேன்.