நாலு மணி பத்து நிமிடத்துப் புறா

பொம்மனஹள்ளி, பெங்களூரு
9 நவம்பர் 2025, ஞாயிறு

அன்பு மகள் இளவேனிலுக்கு,

உனக்கு உன் பெரியப்பா எத்திராஜின் ஆயிரம் ஆசிகள், குட்டி தேஜஸுக்கு ஆயிரத்தொன்று, மாப்பிள்ளைக்கு மிச்சம் மீதி எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவும். இங்கே நானும் உன் பெரியம்மா ராதாவும் மேல்மாடியில் உன் அம்மாவும் ஓசூர் ரோட்டுப் புகையை மூன்று வேளையும் சுவாசித்துக்கொண்டு திடகாத்திரமாக இருக்கிறோம், அங்கே கால்கரியில் நீங்கள் மூவரும் பனியில் புதையாமல் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும் என்று இந்த ஏரியாவிலுள்ள அத்தனை தெய்வங்களிடமும் தனித்தனியாக மனுக் கொடுத்து ரசீதும் வாங்கி வைத்திருக்கிறேன். நிற்க. கண்ணு, இப்போது நான் ஒரு கதை சொல்லப்போகிறேன். எனக்குத் தடைசெய்யப்பட்ட சர்க்கரை டப்பாவின் மேல் வலது கையை வைத்துச் சத்தியம் செய்கிறேன், இந்தக் கதையை நீ நம்பமாட்டாய், யாருமே நம்பமாட்டார்கள், எழுதுகிற எனக்கே பாதிதான் நம்பிக்கை. போனில் சொல்லலாம் என்றுதான் போன வாரம் கூப்பிட்டேன், நான் வாயைத் திறப்பதற்குள் நீ சிரித்துக்கொண்டே, பெரியப்பா, நீங்க சொல்றதுல முக்கால்வாசி கழிச்சுட்டுத்தான் கேப்பேன், மீட்டிங் இருக்கு என்று வைத்துவிட்டாய். அதனால்தான் காகிதம். காகிதத்துக்கு மீட்டிங் கிடையாது. கடைசியில் உன்னிடம் ஒரு வேலை கேட்பேன், அது உன் நெஞ்சு சம்பந்தப்பட்டது, அரை மணி நேர வேலை, ஊசி கிடையாது. உன் அப்பா கவியரசன் நாற்பத்திரண்டாவது வயதில் கம்பெனி பஸ்ஸுக்கு நின்ற இடத்திலேயே விழுந்து போனானே, அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. அதற்காகக் கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே, நடுவில் சிறுத்தை வருகிறது.

ஆவணி மாதம் நம் எதிர்வீட்டுச் சேஷகிரி, அவர்தான், பி.டபிள்யூ.டி.யில் இருந்து ரிடையர் ஆகி இன்னமும் எல்லாவற்றுக்கும் மனு எழுதுகிறவர், என்னை ஒரு இலவச இதய முகாமுக்கு இழுத்துக்கொண்டு போனார். அவருக்கு ஈசிஜி எடுத்தார்கள், நேராக அனுப்பிவிட்டார்கள். எனக்கு எடுத்தார்கள், எடுத்த பெண் பக்கத்துப் பெண்ணைக் கூப்பிட்டாள், அவள் இன்னொருவரைக் கூப்பிட்டாள், கடைசியில் முகாமே என்னைச் சுற்றி நின்று ஆரத்தி எடுக்காத குறை. சேஷகிரிக்கு முகம் செத்துவிட்டது. பிறகு எக்கோ என்று நெஞ்சில் குளிர்ந்த பசையைத் தடவி டிவியில் காட்டினார்கள். மனிதர்களுக்கு இதயத்தின் நடுச்சுவர் பத்துப் பன்னிரண்டு மில்லிமீட்டர் தடிமன் இருக்குமாம், உன் பெரியப்பாவுக்கு இருபத்தொன்று. வேலூர்க் கோட்டைக்கு அப்புறம் தென்னிந்தியாவில் இவ்வளவு தடித்த சுவர் என்னிடம்தான் இருக்கிறது என்று நான் வீட்டுக்கு வந்து அறிவித்தேன், ராதா மட்டும், மண்டைச் சுவரையும் அளந்தாங்களா என்று கேட்டாள்.

இப்படிச் சுவர் தடித்தவர்களை வைத்து அந்த முகாமை நடத்திய ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சி நடக்கிறது. மூன்று வருஷம் பின்தொடர்ந்து யாருக்கு ஆபத்து, யாருக்கு மாத்திரை போதும், யாருக்கு மிஷின் வைக்க வேண்டும் என்று கண்டுபிடிக்கிறார்கள். சேருகிறீர்களா என்று கேட்டார்கள். பதினாலு பக்கச் சம்மதப் பத்திரம், தமிழிலேயே, ஒரு பெண் பக்கத்தில் உட்கார்ந்து வரிவரியாகப் படித்துக் காட்டினாள். பெயர் மௌரீன், லிங்கராஜபுரத்துப் பெண், எல்லாக் காகிதமும் அவள் கையில்தான். எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம் என்று ஒரு வரி வந்தது, என் கல்யாணப் பத்திரிகையில் இது இல்லையே அம்மா என்றேன், பக்கத்தில் இருந்த ராதா தொடையில் கிள்ளிய கிள்ளு இன்னும் நீலமாக இருக்கிறது. ஆராய்ச்சிக் காகிதத்தில் பெயர் வராது, நம்பர்தான். நான் நாற்பத்தேழு. ராஜாக்களுக்கெல்லாம் ஒன்றாம் இரண்டாம் என்றுதான் போடுவார்கள், நாற்பத்தேழாம் எத்திராஜ் என்று சரித்திரத்தில் யாராவது உண்டா, சொல்.

இனி முக்கியமான இடம். ஒரு சின்னப் பெட்டியைக் கழுத்தில் மாட்டி, நெஞ்சு முடியைச் சிரைத்து, ஐந்து ஒயரை ஒட்டி அனுப்பினார்கள். ஹோல்டர் என்று பெயர். இருபத்தினாலு மணி நேரமும் இதயம் என்ன செய்கிறது என்று அது எழுதிக்கொள்ளும், நாம் என்ன செய்கிறோம் என்று நாம் ஒரு டைரியில் எழுத வேண்டும், மணி, செய்த காரியம், உடம்பில் என்ன தெரிந்தது என்று மூன்று கட்டம். வழக்கமா எப்படி இருப்பீங்களோ அப்படியே இருங்க அங்கிள் என்று மௌரீன் மூன்று தடவை சொன்னாள். ராதா அதைக் காதில் வாங்கவில்லை. அவளுக்கு டெஸ்ட் என்றால் பரீட்சை, பரீட்சை என்றால் பாஸாக வேண்டும். வீட்டுக்கு வந்ததும் பெட்டியைச் சாமி அலமாரி முன்னால் காட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் சுற்றி, என்னைக் கட்டிலில் கிடத்தினாள். ஏங்க, அசையாதீங்க, மிஷின் பாத்துக்கிட்டு இருக்கு, ஒரு நாள் நல்ல பிள்ளையா இருந்தா என்ன குறைஞ்சுடுவீங்க என்றாள். காபி இல்லை, நியூஸ் இல்லை, கிரிக்கெட் இல்லை, காரம் இல்லாத கஞ்சி, மாடிப்படி பக்கம் தலைகூட வைக்கக் கூடாது. உன் அம்மாவும் சேர்ந்துகொண்டு மிக்ஸி போடாமல் அம்மியில் அரைத்தாள், சத்தத்துக்கு மார்க் குறைந்துவிடுமாம். சேஷகிரி எட்டிப் பார்த்து, ஏன் குரு, நெஞ்சுலேயே கரெண்ட் கனெக்ஷன் வாங்கிட்டியா என்று தன் கன்னடப் பாணியில் ஆரம்பித்தார், சிரிக்க வெச்சுடாதீங்க ராயரே என்று அவரை வாசலோடு அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் காலையில் டைரியைப் பார்க்கிறேன், எல்லாக் கட்டமும் காலி. எழுதினால் படுத்தேன், படுத்தேன், புரண்டு படுத்தேன் என்றுதான் எழுத வேண்டும். அறுபத்தாறு வருஷ வாழ்க்கையின் ஒரே அதிகாரபூர்வமான சரித்திரம் இப்படியா இருக்க வேண்டும். பேனாவை எடுத்தேன். காலை 9.20, பன்னேர்கட்டா காட்டிலிருந்து ஓசூர் ரோட்டுக்கு வந்துவிட்ட சிறுத்தையைக் குடையால் துரத்தினேன், உடம்பில் தெரிந்தது: லேசான தாகம். 11.00, சில்க் போர்டு நெரிசலில் பள்ளத்தில் இறங்கிய பஸ்ஸைப் பயணிகளோடு தூக்கி நகர்த்தி வைத்தேன், தெரிந்தது: ஒன்றுமில்லை. 1.30, பத்தொன்பது ராகி முத்தே உருண்டை சாப்பிட்டேன், தெரிந்தது: இருபதாவதுக்கு இடம். 3.00, அத்திபெலே வரை ஓடிப்போய் எல்லையைத் தொட்டுவிட்டுத் திரும்பினேன், தெரிந்தது: அந்தப் பக்கம் தமிழ்நாடு. 4.10 என்ற கட்டத்தில் மட்டும் சின்ன எழுத்தில் வேறு ஒன்று எழுதினேன். பாத்ரூமிலிருந்து வரும்போது நெஞ்சுக்குள் புறா அடைபட்ட மாதிரி படபடத்தது, கண் இருட்டியது, நிலையைப் பிடித்து நின்றேன், பத்து எண்ணுவதற்குள் சரியாயிற்று. அப்புறம் மறுபடியும் பெரிய எழுத்தில், 5.30, சேஷகிரியைச் சதுரங்கத்தில் எட்டு தடவை தோற்கடித்தேன்.

மௌரீன் பெட்டியைக் கழற்றும்போது குங்குமத்தைப் பார்த்தாள், எங்க அம்மாவா இருந்தா ஜெப எண்ணெய் பூசியிருப்பாங்க அங்கிள் என்று துடைத்தாள். பிறகு மிஷின் எழுதியதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒரு கண் திரையிலும் ஒரு கண் டைரியிலுமாகப் படித்தாள். அங்கிள், ஒம்பது இருபதுக்குச் சிறுத்தையைத் துரத்துனீங்க, அப்போ உங்க நாடி அம்பத்தெட்டு, சிறுத்தை தூங்கிட்டிருந்துச்சா, நீங்க தூங்கிட்டிருந்தீங்களா என்றாள். பஸ்ஸைத் தூக்குனப்போ அம்பத்தி நாலு, நான் ஸ்பூனைத் தூக்குனாலே எனக்கு எண்பது என்றாள். உன் பெரியப்பா எத்தனையோ பேரிடம் எத்தனையோ அளந்திருக்கிறேன், எதிராளியின் முகத்தைப் பார்த்துக் கதையைத் திருப்பத் தெரியும், இந்தப் பெட்டிக்கு முகமே இல்லை கண்ணு, என்ன செய்வது. கிழித்துப் போட்டுவிடம்மா என்றேன். அங்கேதான் அவர்கள் வேலையின் விதி ஒன்று இருக்கிறது. ஆராய்ச்சிக் காகிதத்தில் எதையும் கிழிக்கக் கூடாது, கிறுக்கக் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது. தப்பு என்றால் நடுவில் ஒரே ஒரு கோடு, அடியில் இருப்பது படிக்கிற மாதிரியே இருக்க வேண்டும், பக்கத்தில் எழுதியவன் கையெழுத்து, தேதி. அந்தக் காகிதம் பதினைந்து வருஷம் பீரோவில் இருக்குமாம். ஆகவே உன் பெரியப்பாவின் சிறுத்தை பதினைந்து வருஷத்துக்குச் சாகாது, அந்த வகையில் எனக்குச் சந்தோஷம்தான். அவள் காட்டக் காட்ட ஒவ்வொரு பொய்யாகக் கோடு போட்டுக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்தேன், சொத்தை எழுதிக் கொடுக்கிறவன் மாதிரி.

நாலு பத்து வந்தது. என் பேனா நின்றது. இதையும் அடிச்சிடுங்க அங்கிள், புறா எல்லாம் வேணாம், டாக்டர் என்னைத் திட்டுவாங்க என்று சிரித்தாள். இது இருக்கட்டும் அம்மா என்றேன். ஐயோ அங்கிள் என்று சிரித்துக்கொண்டேதான் திரையை நாலு பத்துக்கு நகர்த்தினாள். அந்தச் சிரிப்பு முகத்திலேயே நின்றது, உள்ளே இருந்து யாரோ அணைத்துவிட்ட மாதிரி. அதுவரை வரிசையாக நின்ற கோடுகள் அந்த இடத்தில் மட்டும் ரம்பப் பல் மாதிரி, பதினாலு. அவள் விரலால் எண்ணினாள், எழுந்து போய் டாக்டர் ஸ்ரீவித்யாவைக் கூட்டிவந்தாள். டாக்டர் டைரியைப் படித்தார், கோட்டைப் பார்த்தார், மறுபடியும் டைரியைப் படித்தார். நோயாளி சொல்றதும் மிஷின் சொல்றதும் ஒரே நிமிஷத்துல ஒத்துப்போறது எங்களுக்கு லேசுல கிடைக்காது, இந்த ஒரு வரி எழுதாம விட்டிருந்தீங்கன்னா உங்களுக்கு ஒண்ணுமே தெரியலைன்னு நினைச்சிருப்போம் என்றார். பிறகு நாற்காலியை இழுத்து எதிரே போட்டு உட்கார்ந்து, உங்க குடும்பத்துல யாராவது சின்ன வயசுல திடீர்னு போயிருக்காங்களா என்று கேட்டார். பாரத்தில் அந்தக் கேள்வி முன்னமே இருந்தது, நான் இல்லை என்று டிக் அடித்திருந்தேன். அதற்கும் ஒரு கோடு, கையெழுத்து, தேதி.

எனக்கு வரும் பத்தொன்பதாம் தேதி புதன்கிழமை கழுத்தெலும்புக்குக் கீழே ஒரு சின்ன மிஷின் வைக்கிறார்கள், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. இதயம் ஒழுங்காக ஓடினால் சும்மா இருக்கும், தறிகெட்டு ஓடினால் உள்ளேயே ஓர் அடி கொடுத்து வழிக்குக் கொண்டுவரும். முப்பத்தெட்டு வருஷமா நான் வெளியிலிருந்து பண்ற வேலை என்றாள் ராதா, சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய் ரொம்ப நேரம் திரும்பி வரவில்லை. நீ அதற்காக டிக்கெட் போடாதே. நீ வர வேண்டிய இடம் இது இல்லை, அங்கேயே உன் ஊரில் இருக்கிற ஆஸ்பத்திரி. இந்தத் தடிச்சுவர் குடும்பத்தோடு வருகிற விஷயம், அப்பனுக்கு இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று டாக்டர் சொல்கிறார். உன் அப்பாவுக்கு இருந்ததா என்று எந்த மிஷினும் பார்க்கவில்லை, ஆனால் இருந்திருக்கும் என்கிறார். உனக்கு இல்லை என்று தெரிந்தால் தேஜஸைப் பற்றியும் கவலையில்லை, இருக்கிறது என்று தெரிந்தால் மாத்திரை உண்டு, மிஷின் உண்டு, என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தவர்கள் உண்டு. உன் அப்பாவுக்கு அது ஒன்றும் இருக்கவில்லை. இருந்தவன் நான் ஒருத்தன்தான். இதுவரை யாரிடமும், ராதாவிடம்கூட, சொல்லாத ஒன்றை எழுதுகிறேன். அவன் போவதற்குப் பதினோரு நாள் முன்னால் கம்பெனி கேட் டீக்கடையில் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, அண்ணா, நெஞ்சுக்குள்ள புறா மாட்டிக்கிட்ட மாதிரி படபடன்னு இருக்கு என்றான். அவனும் என் தம்பிதானே, அளக்கிறான் என்று நினைத்தேன், விடாம பிடிச்சு வைடா, ஞாயித்துக்கிழமை பிரியாணி போட்டுடலாம் என்றேன். அவனும் சிரித்தான். அன்றைக்கு எங்கள் இரண்டு பேரையும் தவிர வேறு யார் அங்கே இருந்திருந்தாலும் அவனைக் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருப்பார்கள்.

டாக்டர் ஆங்கிலத்தில் எழுதிய கடிதம் இதோடு இருக்கிறது, அதில் ஒரு வார்த்தையும் என்னுடையது இல்லை, தைரியமாக நம்பலாம். அதை அங்கே உன் டாக்டரிடம் கொடு, ஈசிஜியும் எக்கோவும் எடுக்கச் சொல், எடுத்த அன்றைக்கே மௌரீனுக்கு ஒரு காப்பி அனுப்பு, அவள் முகவரி பின்பக்கம் இருக்கிறது. எடுக்கிற வரை பனியில் மண்வெட்டியைத் தொடாதே, அதை மாப்பிள்ளை செய்யட்டும், அவருக்கும் உடம்பு வணங்கும். நீயும் பிள்ளையும் நூறு வருஷம் நோய்நொடி இல்லாமல் வாழ வேண்டும், அதற்குக் குறைந்தால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உன் அம்மா தினமும் தபால்காரர் இந்தப் பக்கம் வந்தாரா என்று கேட்கிறாள், மறந்துவிடாதே.

இந்தக் கடிதத்தையும் மௌரீன் முறைப்படியே படி. பேனா எடுத்துக்கொள். தெய்வங்கள் ரசீது கொடுத்தது, முகாமே சுற்றி நின்றது, சதுரங்கத்தில் எட்டு தடவை, எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு கோடு போட்டுக்கொண்டே வா, படிக்கிற மாதிரி இருக்கட்டும், எனக்காக நீயே கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டுவிடு. நாலு பத்து வந்ததும் பேனாவை மூடிவிடு. புறா மட்டும் நிஜம் கண்ணு. இரண்டு தடவையும்.

உன் பெரியப்பா,
எத்திராஜ்
(நோயாளி எண் 47)