கை தூக்கினால் நிறுத்துவோம்

அக்கா,

இன்று காலை எங்கள் ஆஸ்பத்திரியில் பரிசோதனை மேஜைக்கு வெள்ளை பெயிண்ட் அடித்தார்கள். வாடை தாங்காமல் வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன். நீங்கள் படுத்த மேஜை அது. அழுகை வரவில்லை. நீங்கள் போய்விட்ட செய்தி வந்த அன்றும் வரவில்லை. சாப்பிட்டுவிட்டு வேலைக்கு வந்தேன்.

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் தோலுக்கு உப்புத் தடவிக்கொண்டிருந்தவர் நீங்கள். மாதவிலக்கு இல்லாத நாளிலும் ரத்தம் படுகிறது என்று வந்தீர்கள். கர்ப்பப்பை வாயிலிருந்து சின்னத் துணுக்கு எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. பயந்தீர்கள். ஆனால் பேரம் பேசத் தெரிந்த பயம் உங்களுடையது.

"எங்க ஷாப்புல தோலு போட்ட டிரம்மு சுத்தறப்ப ஒருத்தர் கையத் தூக்கினா ஒடனே நிறுத்திடுவாங்க நர்ஸம்மா. இன்னா ஏதுன்னு அப்பறந்தான் கேப்பாங்க. நான் தூக்கினா நீங்க நிறுத்துவீங்களா?"

"நிறுத்துவோம்க்கா" என்றேன். குழந்தைக்கு மிட்டாய் வாங்கித் தருகிறேன் என்பதுபோலச் சுலபமாகச் சொல்லிவிட்டேன். வெளியே வரிசை நீண்டிருந்தது.

கையைத் தூக்கினீர்கள். நான் வலது கையால் உங்கள் மணிக்கட்டைப் பிடித்து மேஜையோடு அமுக்கினேன். "அவ்ளோதான், முடிஞ்சிடுச்சு" என்றேன். முடிந்திருக்கவில்லை. நீங்கள் கத்தவில்லை, என்னை மட்டும் பார்த்தீர்கள்.

எடுத்த துணுக்கு சோதனைக்குப் போதவில்லை. மறுபடி எடுக்க வேண்டும், நாள் தள்ளக் கூடாது என்று சொல்ல உங்கள் வீட்டுக்கு வந்தேன். பாய் விரித்து உட்காரவைத்து டீ கொடுத்தீர்கள்.

"இந்தத் தடவ மரத்துப்போற ஊசி போடுவாங்கக்கா. வலி ரொம்பக் கம்மியா இருக்கும்."

"அந்த ஊசி அன்னிக்கும் இருந்துச்சா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஏற்கெனவே ஒன்று சொல்லியாயிற்று. "இருந்துச்சு" என்றேன். ஒரு நிமிட வேலைக்கு எதற்கு என்று அலமாரியிலேயே விட்டிருந்தோம்.

"நீங்க கெட்டவங்க இல்ல நர்ஸம்மா. ஆனா நான் வரமாட்டேன்" என்றீர்கள். டம்ளரை வாங்கிக் கழுவப் போய்விட்டீர்கள். அடுத்த முறை, புற்று முற்றி உங்களைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்தபோது, செய்வதற்கு எங்களிடம் எதுவும் மிச்சமில்லை.

பிறகு ஒருநாள் டாக்டரம்மாவிடம் கத்தினேன். அவரும் கத்தினார். மறுநாள் ஊசி அலமாரியை விட்டு வெளியே வந்தது. இப்போதெல்லாம் போட்டுவிட்டு மரத்துப்போகும்வரை காத்திருக்கிறோம். வலிக்குமென்றால் வலிக்கும் என்றே சொல்லிவிடுகிறோம். வரிசை நீளமாகத்தான் இருக்கிறது, இருக்கட்டும்.

போன வாரம் திமிரியிலிருந்து வந்த ஒரு பெண், ஆரம்பித்த உடனேயே கையைத் தூக்கினாள். "நிறுத்துங்க டாக்டரம்மா" என்றேன். நிறுத்தினார்.

"வலிக்குதாம்மா?"

"இல்லக்கா. நெசமாவே நிறுத்தறீங்களான்னு பாத்தேன்."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். என் வலது கை முதுகுக்குப் பின்னால் இருந்தது. யார் வந்து படுத்தாலும் அதை அங்கேதான் வைத்துக்கொள்கிறேன், அக்கா.