தீவுக்குப் போன டைபீரியஸ்

அன்பு நண்பா,

இன்று காலை உன் மனைவி என் டாலிகஞ்ச் வீட்டுக்கு வந்து, நான் உனக்குக் கொடுத்திருந்த ரோமானிய வரலாற்றுப் புத்தகத்தைத் திருப்பித் தந்தார். ஹேவ்லாக் தீவிலிருந்து தனியாகவே கப்பலேறி வந்தாராம். பிரித்தேன். மழை ஈரம் ஏறிய காகித வாசனை. டைபீரியஸ் பற்றிய பக்கங்கள் மட்டும் தையல் விட்டுக் கழன்றிருந்தன.

மரைன் ஹில் அலுவலகத்தில், கப்பல் டிக்கெட் பிரிவில், எட்டு வருடம் நமக்குப் பக்கத்துப் பக்கத்து மேசை. மதியச் சாப்பாடு முடிந்தால் அந்தப் பேரரசனை வைத்துத்தான் சண்டை. தலைநகரை விட்டு ஒரு சின்னத் தீவில் போய் உட்கார்ந்துகொண்டு, கடிதம் எழுதியே நாட்டை ஆண்ட கொடுங்கோலன் என்பேன் நான்.

"அரே தோஸ்த், பூகம்பத்துல ஊர் ஊரா இடிஞ்சப்போ வரியைத் தள்ளுபடி பண்ணவனும் அவன்தானே?" என்பாய் நீ.

"ராஜத்துரோகம்னு சொல்லி அத்தனை பேரைக் கொன்னது?"

"அது நெசம். அதுக்கு அவன் பதில் சொல்லியாகணும். ஆனா தீவுல என்ன கூத்தடிச்சான்னு எழுதுனவங்க, அவன் செத்து எத்தனையோ வருஷம் கழிச்சு மெயின்லேண்ட்ல உக்காந்து எழுதுனாங்க. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கொழப்பாத."

"சும்மாவா இத்தனை பேர் சொல்லுவாங்க?" என்பேன். நீ சிரித்துக்கொண்டே டிபன் பாக்ஸை மூடுவாய்.

பிறகு நீ ஹேவ்லாக்குக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனாய். காரணம் என்னிடம்கூடச் சொல்லவில்லை. ஒரே மாதத்தில் கேன்டீன் ஒரு காரணம் கண்டுபிடித்தது: ஹோட்டல்காரர்களிடம் காசு வாங்கிக்கொண்டு டிக்கெட்டை ஒதுக்கிக் கொடுத்து மாட்டிக்கொண்டாய், அதனால்தான் தூக்கியடித்தார்களாம். "தும்ஹாரா தோஸ்த் ஹை நா? சச் க்யா ஹை?" என்று, உன் நண்பன்தானே, உண்மை என்ன என்று சூப்பரின்டெண்ட் என்னிடம் இந்தியில் கேட்டார். உன் கை சுத்தம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் "எனக்கென்ன தெரியும் சார்" என்று நழுவினேன். அப்படியும் இருக்குமோ என்று ஒரு கணம் நினைத்ததையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

ஒரு வருடம் கழித்து ஹேவ்லாக் வந்தேன். உன் மனைவி என்னைக் கண்டதும் மிரண்டு, உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

"மூணு வருஷமா இப்படித்தான்டா. குவார்ட்டர்ஸ்ல இவளைப் பைத்தியம்னு பேச ஆரம்பிச்சாங்க. அதான் நானே மாத்தல் கேட்டு வாங்கிட்டு வந்துட்டேன். இங்க தோட்டத்துல நின்னா கொஞ்சம் அமைதியாகுறா."

பிறகு நீ கேட்டாய்: "ஆபீஸ்ல என்னைப் பத்தி என்ன பேசிக்கறாங்க?"

"ஒண்ணும் இல்ல."

என்னை ஒருமுறை பார்த்தாய். இளநீர் வெட்ட எழுந்து போனாய். உனக்குத் தெரிந்திருந்தது.

போன மாதம் உனக்கு நெஞ்சுவலி வந்து எல்லாம் முடிந்தது. அலுவலக இரங்கல் கூட்டத்தில் யாரோ, "அந்த டிக்கெட் விஷயம்..." என்று முணுமுணுத்தார்கள். நான் எழுந்தேன். "அப்படி ஒரு விஷயமே கிடையாது. மாத்தலை அவனே கேட்டு வாங்குனான். ஏன்னு நான் போய்ப் பாத்துட்டு வந்தேன். அது அவன் வீட்டு விஷயம், நம்ம கேன்டீன் விஷயம் இல்ல" என்றேன். சூப்பரின்டெண்ட் தலையைக் குனிந்துகொண்டார்.

சொல்லி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நீ உயிரோடு இருந்தபோது அந்த ஒரு நிமிடத்தை உனக்குத் தராமல் போனேன். அதைத்தான் சுமந்துகொண்டிருக்கிறேன், நண்பா.