தலை தட்டி அளந்த அரிசி

வெள்ளவத்தை,
ஆகஸ்ட் 3, ஞாயிறு.

ஷஸ்னாவின் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும் நேரம் உங்கள் உடம்பில் சுகமும் மனதில் ஆறுதலும் இருக்கவேண்டும் என்று அல்லாஹ்விடம் கேட்டுக்கொண்டே எழுதத் தொடங்குகிறேன். நானும் மகளும் அவன் கிருபையால் நலம்.

தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று பதறவேண்டாம். உங்கள் அறையில் ஆறு பேர். நான் இங்கே மெதுவாகச் சொன்னாலும் அங்கே யாராவது இருமுகிற சத்தம் எனக்குக் கேட்கிறது. அப்படியிருக்க இந்தச் சங்கதியை எப்படிப் பேசுவது? மேல்மாடி ஹாஜியாரின் மருமகன் அஷ்பாக் செவ்வாய்க்கிழமை டோஹாவுக்குத் திரும்புகிறார். அவரிடம் இந்தக் கடிதத்தையும், ஒரு போத்தல் மாசிச் சம்பலையும், வாய் தைத்த ஒரு சின்னத் துணிப்பையையும் கொடுத்து அனுப்புகிறேன். பை என்ன என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதுவரை பிரிக்கவேண்டாம்.

வீட்டுப் புதினம் பெரிதாக ஒன்றும் இல்லை. லிஃப்ட் பழுதாகி மூன்று கிழமை. நான்கு மாடியும் ஏறி இறங்கி என் முழங்கால்தான் எண்ணெய் கேட்கிறது. ஷஸ்னா ஏ.எல். சோதனைக்கு முழுமூச்சாகப் படிக்கிறாள். கடற்காற்றில் பல்கனிக் கம்பியெல்லாம் துருப்பிடித்து உதிர்கிறது. நீங்கள் வந்தால் முதல் வேலை அதுதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மகரகமை புற்றுநோய் ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷன் செய்து இடது மார்பை எடுத்து இரண்டு வருஷம் முடிந்துவிட்டது. நோய் திரும்பவில்லை, அல்ஹம்துலில்லாஹ். இப்போது அந்த இடத்தைத் திரும்ப அமைக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள் என்று போன மாதம் சொன்னேன் அல்லவா? அதற்கு நீங்கள், "செய்யியண்டா ஒழுங்கா செய்ங்க ஸமீமா. பழைய மாதிரியே வரட்டும். கொஞ்சம் கூடினாலும் பரவாயில்ல" என்றீர்கள். பின்னால் யாரோ சிரித்தார்கள். நான் அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இருக்கவில்லை. அந்தப் பேச்சுக்கு என் பதில்தான் இது. பதினான்காம் திகதி டொக்டரிடம் நான் அளவைச் சொல்லவேண்டும்.

நுகேகொடையில் இருக்கும் டொக்டர் ஒரு சிங்களப் பெண். என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். நான் போனதும் எந்த அளவு வேண்டும் என்று கேட்பார், பழைய பிளவுஸைக் காட்டலாம் என்று மடித்து எடுத்துப் போயிருந்தேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. தையற்காரி போல நாடாவை எடுத்தார். கழுத்துக் குழியிலிருந்து கீழே அளந்தார். நெஞ்சின் அகலத்தை ஒரு இரும்புக் கவையால் அளந்தார். தோலைக் கிள்ளிப் பார்த்து அதன் தடிப்பையும் எழுதினார். பிறகு சொன்னார், "நீங்கள் எல்லோரும் என்னிடம் அளவு கேட்கிறீர்கள். நான் இடத்தைக் கேட்கிறேன். உங்கள் இடம் பதினொன்றரை சென்ரிமீற்றர். அது எவ்வளவு தாங்கும் என்பதை உங்கள் ஆசையும் சொல்லாது, என் ஆசையும் சொல்லாது." எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நாற்பத்து மூன்று வருஷம் குடியிருந்த உடம்பை அன்றுதான் ஒருவர் எனக்கு அளந்து காட்டினார்.

ஆனாலும் உங்கள் பேச்சு மனதில் இருந்ததால், பெரிய அளவு வேண்டும் என்று நாணத்தோடு சொன்னேன். டொக்டர் மறுக்கவில்லை. வீட்டில் கொஞ்சநாள் சுமந்து பார்த்துவிட்டு வரச் சொன்னார். காலில் போடும் மெல்லிய மேஸ் ஒன்றில் அரிசியைப் போட்டு முடிந்து, வெறுமையான பக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டு வேலை எல்லாம் செய்து பார்க்கவேண்டுமாம். வைக்கப்போவதைப்போலப் பாரம் இராது, ஆனால் பருமன் விளங்கும் என்றார். வெளியே இருந்த நர்ஸ் மிஸ், பால் டின் ஒன்று நிறைய அரிசி என்றால் ஏறக்குறைய முந்நூறு மில்லி என்று சொல்லிவிட்டார்.

ஷஸ்னாவின் பழைய ஸ்கூல் மேஸில் தைத்தேன். என்ன அரிசி போடுவது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது கீழ்வீட்டு றஞ்சிதம் தேங்காய் துருவி கேட்டு வந்துவிட்டாள். அவளிடம் ஒளிக்க எனக்கு ஏது இடம்? ஒப்பரேஷன் முடிந்து வந்தபோது எனக்குத் தலைவாரி விட்டவளே அவள்தான். விஷயத்தைக் கேட்டதும் சிரித்துச் சிரித்து நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். "கீரிச்சம்பா போடுங்கக்கா, சின்ன அரிசி குத்தாது. அண்ணன் வந்தா அப்புடியே ஒலையில போட்டுறலாம்" என்றாள். போடி என்று அடித்தேன். ஆனால் கீரிச்சம்பாதான் போட்டேன்.

மூன்று நாள் சுமந்தேன். நேரமும் நிலையும் கணக்குக் கொப்பியில் எழுதினேன். வீடு கூட்டும்போது தோள் இழுக்கிறது. மாடி ஏறும்போது கழுத்து வலிக்கிறது. ஸுஜூதில் நெற்றியை வைக்கும்போது அரிசி கழுத்துப் பக்கம் சரிந்து, பாயில் விழுந்துவிடுமோ என்று ஓதுவதை மறந்தேன். அல்லாஹ் மன்னிக்கட்டும். இருந்தும் தாங்கிக்கொள்ளலாம், பழகிவிடும் என்றுதான் கொப்பியில் முடித்திருந்தேன்.

திரும்பப் போன அன்று மிஸ் அந்த முடிச்சை அவிழ்த்து, கோடு போட்ட ஜாடியில் கொட்டினார். முந்நூற்று நாற்பது. "அம்மே, இது எப்படி?" என்று என்னைப் பார்த்தார். அளந்த விதத்தைச் சொன்னேன். டின்னைக் குவித்து அளந்தேன். பெருநாளுக்கு ஏழைகளுக்குப் பித்ரா அரிசி அளக்கும் கை அல்லவா? உம்மா பழக்கியது. தலை தட்டி அளந்தால் கஞ்சத்தனம், கொடுப்பதைக் கோபுரமாகக் கொடு என்பார். இருபது வருஷமாக வீட்டுச் சோற்றுக்கும் அப்படித்தான் அளக்கிறேன். மிஸ் ஒரு கத்தியின் முதுகால் டின்னின் தலையைத் தட்டிக் காட்டினார். விழுந்த அரிசி என் உள்ளங்கை நிறைய இருந்தது. மூன்று நாள் என் கழுத்தை இழுத்தது அந்தக் கைப்பிடிதான்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. குறைத்து அளப்பது பாவம் என்று ஓதியிருக்கிறேன். கூட்டி அளப்பதும் பிழையாகும் இடம் ஒன்று உண்டு என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. உங்களுக்குத்தான் குவித்துத் தரப் பார்த்திருக்கிறேன்.

டொக்டர் உள்ளே வைக்கும் சிலிக்கனின் மாதிரி ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். வட்டலப்பம் ஆறியபின் தட்டில் ஒரு நடுக்கம் நடுங்குமே, அதே நடுக்கம். கண்ணாடிபோலத் தெளிவு. மனிதன் செய்தது என்று நம்ப மனம் வரவில்லை. ஆனால் அவர் அதைப் புகழவில்லை. இது ஆயுளுக்கும் நிற்கும் பொருள் இல்லை, என்றோ ஒருநாள் மாற்றவேண்டி வரலாம், இடைக்கிடை ஸ்கேன் எடுக்கவேண்டும், சிவந்தாலோ வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ ஒரு நாளும் தாமதிக்காமல் வரவேண்டும் என்றார். முந்நூற்று நாற்பதை வைத்தால் அதன் விளிம்பு என் எலும்பைத் தாண்டிப்போகுமாம். தோல் மெலிந்து தையல் விடவும் கூடுமாம். என் இடத்துக்கு இருநூற்று ஐம்பத்தைந்து பொருந்தும் என்றார். முதலில் ஒரு வெறும் பையை உள்ளே வைத்து, கிழமைக்குக் கிழமை உப்புத்தண்ணீர் ஏற்றித் தோலைப் பழக்கி, மாதங்கள் கழித்துத்தான் இதை வைப்பார்கள். ஷஸ்னா வயிற்றில் இருந்தபோது தோல் தானாகவே இடம் விட்டது. அப்போது யாரும் அளக்கவில்லை.

வரும் வழியில் பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். பதின்மூன்று வயதில் நாடாவும் இல்லாமல் கவையும் இல்லாமல் ஒருவன் எனக்கு அளந்து தந்தான். பிள்ளை பிறந்த அன்று அதையே பெருக்கினான், பால் மறந்ததும் அளவாகச் சுருக்கினான். இத்தனை படித்த டொக்டர் எத்தனை தரம் அளந்தும் பொருந்தும் என்று மட்டும்தான் சொல்கிறார், அதே என்று சொல்லவில்லை. பஸ் மாறத் தெஹிவளைச் சந்தியில் இறங்க மறந்து அடுத்த தரிப்பில் இறங்கினேன்.

உங்கள் தங்கை றஸ்மியா கொட்டாஞ்சேனையிலிருந்து வந்திருந்தா. "பேரப்புள்ள பாக்கிய வயசில இது என்னத்துக்கு மதினி? துணிய வெச்சிக் கட்டினா ஆருக்குத் தெரியப்போகுது?" என்றா. எனக்குத் தெரியுதே என்று மட்டும் சொன்னேன். மார்க்கத்தில் இடம் உண்டா என்று மௌலவியின் மனைவி மூலம் கேட்டும் வைத்தேன். நோயால் இழந்ததைச் சீர்செய்வது வேறு, இருப்பதை அலங்காரத்துக்கு மாற்றுவது வேறு என்று பதில் வந்தது. அதனால்தான் வலது பக்கத்தைச் சிறிதாக்கி இரண்டையும் சமமாக்கலாம் என்று டொக்டர் சொன்னபோது வேண்டாம் என்றேன். வேறு பெண்கள் செய்வது அவரவர் விஷயம். எனக்கு, அவன் தந்து மிச்சம் வைத்ததில் கத்தி படவேண்டாம் என்று பட்டது.

ஆகவே இரண்டும் ஒன்றுபோல இராது. வெளியே தெரியாமல் ஒரு மெல்லிய துணி போதும். உங்களுக்குத் தெரியும். அதை நான் போனில் சொல்ல விரும்பவில்லை. இன்னொன்று. அந்தப் பக்கத்தில் உணர்ச்சி வராதாம். ஒரு கை பட்டால் எனக்குத் தெரியாது. பட்டது என்று நீங்கள் சொன்னால்தான் தெரியும்.

ஒரு கிழமையாகத் தலை தட்டி அளந்த இருநூற்று ஐம்பத்தைந்தைச் சுமக்கிறேன். நேற்று அஸர் தொழுது, தேங்காய் துருவி, மாடி இறங்கிப் பேக்கரியில் பாண் வாங்கி வந்து, உடுப்பு மாற்றும்போதுதான் அது அங்கே இருக்கிறது என்றே ஞாபகம் வந்தது. கொப்பியில் அதை மட்டும் சிவப்பு மையால் எழுதினேன். பதினான்காம் திகதி டொக்டரிடம் அந்த எண்ணைத்தான் சொல்லப்போகிறேன். உங்களிடம் அனுமதி கேட்டு எழுதவில்லை. கோபிக்கவேண்டாம். உங்களுக்குத் தெரியாமல் சொல்லக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

போன வருஷம் லீவு கிடைக்கவில்லை என்றீர்கள். இந்த வருஷம் பெருநாளுக்கும் கம்பனி விடவில்லை என்றீர்கள். நான் ஏன் என்று கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை.

அந்தத் துணிப்பையில் இருப்பது அதே கீரிச்சம்பா, அதே அளவு. அறையில் யாரும் இல்லாத நேரம் உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். அவ்வளவுதான் நான் ஆகப்போகிறேன். குறைவு என்று பட்டாலும் தலை தட்டித்தான் அளந்தேன், கள்ளமில்லை. சமைத்துவிடவேண்டாம். தையலைப் பிரிக்காமல் வைத்திருந்து, வரும்போது கையோடு கொண்டுவாருங்கள். இங்கே உலையில் போட்டு மூன்று பேரும் சாப்பிடுவோம். அரிசி ஆறு மாதத்துக்குமேல் தாங்காது, வண்டு வைத்துவிடும். அதற்குள்.

என்னைப் பார்க்கும் பயத்தை உங்கள் நெஞ்சிலிருந்து எடுத்துவிட அல்லாஹ் போதுமானவன். அவன் உங்களைப் பத்திரமாக வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தட்டும். ஆமீன்.

இப்படிக்கு,
மாடிப்படியில் உங்கள் காலடி கேட்கக் காத்திருக்கும்
ஸமீமா