கடலோரம் ஓடிய தாய்மாமன்

ஜனவரி 6, 2025
நான் எழுதப்போவதை எவனும் நம்பமாட்டான். நம்பவேண்டாம். மாதா கோயில் மணி சாட்சியாகச் சொல்கிறேன்: ஏலாக்குறிச்சி வரலாற்றில் இப்படியொரு கதை நடந்ததே இல்லை.

என் தங்கை ஆரோக்கிய செல்வி முட்டம் பக்கம் ஒரு மீனவ ஊரில் வாழ்க்கைப்பட்டவள். அவள் மகள் சுகன்யாவுக்கு ஈஸ்டர் கழிந்து கல்யாணம். தாய்மாமன் எனக்குப் பத்திரிகை வந்தது – வாட்ஸாப்பில்! ஒரு குட்மார்னிங் ரோஜாவுக்கும் வேட்டி விளம்பரத்துக்கும் நடுவில். நேரில் அழைக்காத வீட்டுக்கு இந்த அருளானந்தம் போவதா? கடல் வற்றட்டும், பார்க்கலாம்.

தூக்கம் வரவில்லை.

ஜனவரி 9
மனைவி லூர்து: "ஒரு போன் போட்டா வாய் வெந்துடுமா?"
"அவ போடட்டும்."
"அங்கயும் இதே பாட்டுதான். ஒரே வயித்துல பொறந்ததுங்கதானே!"

ஜனவரி 12
தங்கை மகன் லியோ பிரபு பேசினான். முட்டத்திலிருந்து குளச்சல் வரை, பாறையும் மேடும் படகுத்துறையுமாகப் போகும் கடலோரப் பாதையில் ஓட்டப்பந்தயமாம். இவனுடைய இளைஞர் சங்கம்தான் நடத்துகிறது.
"எங்க வீட்டு வாசல் வழியாதான் மாமா பாதை போவுது. பேரு குடுக்கட்டா?"
"அழைக்காம எப்படிடா வர்றது?"
"ரோட்டுல ஓடதுக்கு என்னத்துக்கு மாமா அழைப்பு? யாரும் ஓடலாம்லா."
பயலுக்கு அப்படியே என் மூளை.

ஜனவரி 15
அரியலூர் பக்கம் பழைய சுண்ணாம்புக் குழி மேட்டில் ஏறி இறங்கி ஓடிப் பழகினேன். காலடியில் கல்லாகிப்போன சிப்பிகள். ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்ததாம். ஆக, கடல் வற்றிவிட்டது. என் சபதமும் முடிந்தது.

லூர்திடம் சொன்னேன். "வத்துனது கடல் இல்ல, ஒங்க மூளை" என்றாள்.

ஜனவரி 21
பச்சைமலையைத் தோளில் தூக்கிக்கொண்டு இரண்டு சுற்று. பிறகு பெரம்பலூர் டீக்கடையில் மூன்று வடை. சர்க்கரை மாத்திரை மறந்துபோச்சு.

ஜனவரி 30
என்னைப் பார்த்ததும் செல்வி கதவைச் சாத்திக்கொண்டால்? நிற்காமல் ஓடிவிடலாம். ஓடுகிறவனை யார் அவமானப்படுத்த முடியும்?

முடியும். முடியும்தான்.

பிப்ரவரி 7
ரயில். இறங்கித் திரும்பிவிடலாமா என்று திண்டுக்கல்லில் ஒருமுறை, மதுரையில் ஒருமுறை.

பிப்ரவரி 8
கேளும் உலகத்தோரே! கோயில் கோபுர உயரத்துக்கு எழுந்த அலை எனக்கு வழிவிட்டு ஒதுங்கியது. நாற்பது இளைஞர்கள் என் புழுதியில் மறைந்தார்கள். சுறா ஒன்று தலையைத் தூக்கி வணக்கம் வைத்தது. மேடுகள் என்னைக் கண்டு படுத்துக்கொண்டன.

ஒரு மேட்டிலிருந்து இறங்குகிறேன் – கீழே காயப்போட்ட வலைகளுக்கு நடுவே, பாதையை மறித்துக்கொண்டு செல்வி. கையில் தாம்பாளம். வெற்றிலை, வாழைப்பழம், பத்திரிகை. முடி நரைத்திருக்கிறது. எப்போது நரைத்தது?

"நில்லுண்ணே."
"நிக்க முடியாது. போட்டி."
"பெரிய போட்டி! வாசல்ல வந்தவன அழைச்சா நேர்ல அழைச்ச மாதிரிதானே? புடி."
வாங்கிக்கொண்டேன். தாம்பாளத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.
"நின்னா அழுதுடுவ. ஓடு. முடிச்சிட்டு சாப்புட வா."

ஓடினேன். குளச்சல் வரை தாம்பாளத்தோடு. வழியெல்லாம் வெற்றிலை பறந்தது. பழத்தை நானே தின்றேன்.

பிப்ரவரி 11
லூர்து கதை முழுவதையும் கேட்டாள். "சுறா பொய். அலை பொய். நாப்பது பேரும் பொய். எல்லாருக்கும் கடைசியா வந்தீங்களாம், லியோ சொல்லிட்டான்."

மறுக்கவில்லை. நாளை அவளோடு கும்பகோணம் போகிறேன், சுகன்யாவுக்குப் பட்டு எடுக்க.

தாம்பாளம் மட்டும் நிஜம். எவர்சில்வர். கடைசி இறக்கத்தில் விழுந்ததில் ஒரு பக்கம் நெளிந்திருக்கிறது.