முட்டை தேடிய மேலாளர்

அன்புள்ள அம்மாவுக்கு, நான் நலம். உன் மூட்டுவலி குறைந்ததா?

விஷம் எடுக்கும் எங்கள் கூடத்தில் ஒரு கண்ணாடி விரியன் சினையாக இருந்தது. "இது குட்டி போடும் சார், கூண்டுக்குச் சின்னக் கண் வலை மாட்டணும்," என்றேன்.

"பாம்புன்னா முட்டைதான். எனக்கே பாடம் எடுக்கிறியா?" என்றார் மேலாளர்.

படித்த முட்டாள். முட்டையிடும் நாகத்துக்கு வைப்பதுபோல மணல் தொட்டி வைத்து, தினமும் முட்டை தேடினார். நேற்று கூண்டு இடுக்கு வழியாக வந்த முப்பது குட்டிகள் தரையில் நெளிந்தன. சூரப்புலி மேசைமேல் ஏறிக்கொண்டார். நான்தான் கொக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தேன். ஒன்று கையுறையைத்தான் கடித்தது, பயப்படாதே. மாலை அறிக்கையில், "என் கணிப்புப்படியே குட்டிகள்" என்று எழுதியிருக்கிறது அந்த ஜென்மம்.

அக்காவுக்குப் பிரசவமானதும் குழந்தையின் அழுகையைப் பதிந்து அனுப்பு. இங்கே எல்லாம் சத்தமில்லாமல் பிறக்கிறது. வேலைக்குப் போகும் வண்டி வந்துவிட்டது.

உன் மகன்